வேறொருவர் பெயரில் வந்த பாட்டில்

இந்த இனிய விழாவுக்குத் தலைமை தாங்கி, எனக்குப் பேசக் கொடுத்த நேரத்தில் பாதியை என்னை அறிமுகப்படுத்துவதிலேயே தாராளமாகச் செலவழித்துவிட்ட, செலண்டார் தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தின் தலைவர், மாண்புக்கும் மதிப்புக்கும் உரிய ஐயா தம்புசாமி அவர்களே!

நீரிழிவு விழிப்புணர்வு நாள் என்று கொட்டை எழுத்தில் பேனர் கட்டி, அந்தப் பேனருக்கு நேர் கீழேயே கேசரியும் லட்டும் இழுத்து ஆற்றிய தே தாரேக் தேநீரும் பரப்பி வைத்திருக்கும் ஆலய மகளிர் பகுதித் தலைவி, அன்புச் சகோதரி நிர்மலாதேவி அவர்களே! பெம்பானிலிருந்து லோரியில் நாற்காலிகளை ஏற்றி வந்து, இறக்கிய களைப்பில் முதல் வரிசை நாற்காலியிலேயே அமர்ந்துவிட்ட அண்ணன் மணியம் அவர்களே! எந்த விழாவிலும் மேடை ஏறாமல், ஆனால் எந்த விழாவும் தம் கை படாமல் நடக்கவிடாமல், இதோ தூணோரம் அமர்ந்திருக்கும் தலைவரின் துணைவியார், எங்கள் குஞ்சம்மா ஆன்ட்டி அவர்களே!

ரப்பர் பால்மரம் சீவிய கைகளோடும் செம்பனைக் குலை சுமந்த தோள்களோடும் வந்திருக்கும் பெரியோர்களே! பெற்றவர்களே, பெற்று வளர்த்தவர்களே, வளர்த்து ஆளாக்கிவிட்டு அடுப்படியிலேயே நின்றுவிட்ட அருமைத் தாய்மார்களே! வாசலோரம் நின்று கைப்பேசியைத் தடவிக்கொண்டே தமிழுக்குச் செவி கொடுக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும், இந்தத் தோட்டத்தில் பிறந்து, இதே மண்டபத்தில் இதே மைக்கைப் பிடித்துப் பேச்சுப்போட்டியில் தோற்றுப்போன கமலவேணியின் பணிவான வணக்கம்.

கைதட்டலுக்கு நன்றி. தோற்றதற்குத் தட்டினீர்களா, வணக்கத்துக்குத் தட்டினீர்களா என்று நான் ஆராயப் போவதில்லை.

இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, நீரிழிவுச் சிறுநீரக நோயில் நான்-கோடிங் ஆர்.என்.ஏ.வின் பங்கு. தலைப்பைப் பேனரில் பார்த்துவிட்டு மணியம் அண்ணன் என்னிடம் வந்து, "கமலா, யாரும்மா இந்த ஆர்.என்.ஏ.? நம்ம தொகுதியில நிக்கிறாரா?" என்று கேட்டார். நிற்கிறார் அண்ணே. எல்லாத் தொகுதியிலும் நிற்கிறார். உங்கள் இரத்தத்தில் நிற்கிறார், உங்கள் சிறுநீரிலும் நிற்கிறார். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்ததில்லை, அதனால்தான் உங்களுக்கு முகம் தெரியவில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர்தான், ஆனால் மருந்து எழுதும் டாக்டர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் சிறுநீரைச் சுழற்றி, வடித்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் டாக்டர். இதை அறிந்த நாளிலிருந்து எங்கள் உறவினர்கள் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சற்று யோசிக்கிறார்கள்.

சரி, சிறுநீரகத்துக்கு வருவோம். உங்கள் முதுகுப் பக்கம், விலா எலும்புக்கு அடியில், இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள். கண்ணுக்குத் தெரியாத வடிகட்டிகள், கூலி கேட்காத வடிகட்டிகள், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் விடுமுறை எடுக்காத வடிகட்டிகள்! நாம் இனிப்பு நீர் என்று சொல்லும் நோய் வந்து, இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் ஏறியே கிடந்தால், அந்த வடிகட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பு ஏறி இறுகிப்போகின்றன. வலிக்குமா? வலிக்காது. எரியுமா? எரியாது. கூப்பிட்டுச் சொல்லுமா? சொல்லாது. பெரும்பகுதி போன பிறகுதான் கால் வீங்கும், மூச்சு வாங்கும், டயாலிசிஸ் நாற்காலி நம் பெயரைச் சொல்லி அழைக்கும்.

அப்படியானால் அதற்கு முன்பே யாருக்குத் தெரியும்? அங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார்.

உடம்பின் செல்லுக்குள் டி.என்.ஏ. என்று ஒரு பெரிய சமையல் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தை அடுப்படிக்குத் தூக்கிப்போக முடியாது. வேண்டிய பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பிரதிதான் ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துச் சமைக்கப்படும் பண்டம்தான் புரதம். இதுவரை புரிகிறதா? பின்வரிசையில் ஒருவர் "சமையல்னா புரியுது" என்கிறார். நன்றி.

ஆனால் சில பிரதிகளில் சமையல் குறிப்பே இருக்காது. அவைதான் தலைப்பில் இருக்கும் நான்-கோடிங் ஆர்.என்.ஏ., அவற்றால் ஒரு புரதமும் செய்ய முடியாது. விஞ்ஞானிகள் பார்த்தார்கள். இது எதற்கும் உதவாது போலிருக்கிறது என்று நினைத்தார்கள். இவற்றுக்கு மூலமான டி.என்.ஏ. பகுதிகளைக் குப்பை என்றுகூடப் பலர் சொன்னார்கள். படித்தவர்கள்தான் சொன்னார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால், இந்தக் குறிப்பில்லாப் பிரதிகளில் பலவும்தான் எதைச் சமைப்பது, எவ்வளவு சமைப்பது, எப்போது அடுப்பை அணைப்பது என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன! நம் அன்னதானத்தை நினைத்துப் பாருங்கள். கரண்டி பிடிப்பவர்கள் பலர். கரண்டியைத் தொடாமல், அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, உப்பு போதும், அடுப்பைக் குறை, அடுத்த பந்திக்கு அரிசி போடு என்று சொல்பவர் ஒருவர். புகைப்படத்தில் அவர் வருவதில்லை. ஒரு வருடம் அவர் வராமல் பாருங்கள், பந்தி என்ன கதி ஆகிறதென்று!

எல்லாரும் ஏன் தூணோரம் திரும்பிப் பார்க்கிறீர்கள்? நான் ஆர்.என்.ஏ.வைச் சொன்னேன்.

இவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருபத்தொன்று என்று ஒரு பொடியன் இருக்கிறான். இனிப்பு நீர் சிறுநீரகத்தைத் தொட்டால் பெரும்பாலும் இவன் பெருகுகிறான், பெருகித் தழும்பை வளர்க்கிறான். இருபத்தொன்பது என்று இன்னொருவன். அவன் தழும்பை அடக்கி வைப்பவன். நோய் வந்தால் அவன் குறைகிறான். கெடுப்பவன் கூடுவதும் காப்பவன் குறைவதும் நமக்குப் புதிதா? நாம் எத்தனை சங்கக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறோம்! இவர்கள் சிறுநீரில் கலந்து வெளியே வருகிறார்கள். அதைப் பிடித்துப் படித்தால், நோய் முளைவிடும்போதே தெரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு. முடிவு இன்னும் வரவில்லை. நாளைக்கே கிளினிக்கில் போய் இருபத்தொன்றைப் பாருங்கள் என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். கிளினிக்கில் இன்று இருப்பது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையும், ஓர் இரத்தச் சோதனையும். அவை போதும். அவற்றைக் கேளுங்கள்.

இனி கதைக்கு வருகிறேன். இது இந்த வட்டாரத்தில் நடந்த கதை. அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் சொல்கிறேன். ஐயா, "சொல்லு, ஆனா பேரு வேணாம்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பெயர் கிடையாது. யூகிக்கக் கூடாது. அக்கம்பக்கம் பார்க்கவும் கூடாது.

சென்ற ஆண்டு எங்கள் குழு ஆய்வுக்குச் சிறுநீர் சேகரிக்க இந்த மண்டபத்துக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் ஆய்வுக்கூடத் தோழர், தஞ்சோங் கிளிங் ஊரைச் சேர்ந்த பிரையன், பாட்டில்களைப் பெட்டியோடு இறக்கினார். இறக்கிய கையோடு ஆலய நிர்வாகம் ஓர் அவசரக் கூட்டம் போட்டது. அம்மன் சந்நிதி இருக்கும் வளாகத்தில் சிறுநீர் பாட்டிலா? தீட்டல்லவா? மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் பாத்ரூம் மடப்பள்ளிக்குப் பக்கத்தில் அல்லவா? முடிவில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பாத்ரூமுக்குப் பூட்டுப் போட வேண்டியது. பாட்டிலை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் காலை நிரப்பி, பெயர் ஒட்டி, வெளிக் கேட்டில் கொடுக்க வேண்டியது. பக்தியில் குறை சொல்ல நான் யார்? ஆனால் தாய்மார்களே, பாட்டில் என்றைக்கு நம் கண்ணை விட்டு வீட்டுக்குப் போனதோ, அன்றைக்கே கதை தொடங்கிவிட்டது.

பாட்டில்கள் வந்தன. சிலர் மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தார்கள். ஒருவர் பாட்டிலுக்குப் பொட்டு வைத்திருந்தார். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனோம், சுழற்றினோம், படித்தோம். ஒரு பெரியவரின் பாட்டிலில் பிரையன் நின்றுவிட்டார்.

"கமலா, இங்க வா. இந்த அங்கிள் பொம்பளையா?"

அந்தப் பாட்டிலில் எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. ஏராளமாக இருந்தது. யார் இந்த எக்ஸிஸ்ட்? இவரும் புரதம் செய்யாத கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். பெண்ணின் செல்லில் எக்ஸ் என்ற குரோமோசோம் இரண்டு உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் வீடு தாங்குமா? ஆகவே இந்த எக்ஸிஸ்ட் போய் ஒன்றின்மேல் போர்வையைப் போல் படர்ந்து, நீ சும்மா இரு என்று அமர்த்திவிடுகிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அமர்த்த வேண்டிய தேவையே இல்லை. ஆகவே ஆணின் செல்லில் எக்ஸிஸ்டுக்கு வழக்கமாக வேலை கிடையாது.

ஆண்கள் பக்கம் கைதட்டல் வருகிறது. பெண்ணின் உடம்புக்குள்ளேயே ஒன்றை வாயடைக்க ஆள் வைத்திருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சி போலிருக்கிறது. தட்டுங்கள். அந்த ஆளும் பெண்ணின் ஆள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தட்டுங்கள்.

பிரையன் நல்ல கத்தோலிக்கர். குற்றத்தைத் தன்மேல்தான் முதலில் போட்டுக்கொண்டார். "நான்தான் ட்யூப் மாத்திட்டேன் போல" என்றார். திரும்பச் செய்தோம். மிச்சம் வைத்திருந்த சிறுநீரை எடுத்து மறுபடியும் செய்தோம். எக்ஸிஸ்ட் இருந்தது. அதோடு நின்றிருந்தால் சாம்பிள் தவறு என்று எழுதி வீசியிருப்போம். ஆனால் அதே பாட்டிலில் இருபத்தொன்று எகிறியிருந்தது, இருபத்தொன்பது தாழ்ந்திருந்தது, அல்புமினும் கசிந்திருந்தது. அந்தப் பாட்டிலுக்குச் சொந்தமான பெண் யாரோ, அவருடைய சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. கவலைக்குரிய முடிவு வந்தால் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆய்வின் விதி. கொடுத்தவர் ஒருவர், உரியவர் ஒருவர் என்றால் என்ன செய்வது என்று விதியில் எழுதவில்லை. விதி எழுதியவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லை.

மணியம் அண்ணே, அது நீங்கள் இல்லை. தைரியமாக உட்காருங்கள்.

நானே அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். போர்ச்சில் உட்கார வைத்தார். உள்ளே பார்த்து, "டாக்டர் வந்திருக்காங்க, தே கலக்கு" என்று குரல் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ரிசல்ட் நல்லாத்தானேம்மா வந்திருக்கும்?"

"அங்கிள், அந்த பாட்டில் உங்களுதுதானா?"

"என்னுதுதான் லா. பேரு ஒட்டியிருக்குல்ல?"

"பேரு ஒட்டியிருக்கு அங்கிள். ஆனா அதுல பொம்பளைங்களுக்கு இருக்கிற ஒண்ணு நெறைய இருக்கு."

அவர் நெடுநேரம் யோசித்தார். தோட்டத்து ரோட்டில் ஒரு லோரி போய் மறையும்வரை யோசித்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் இப்பல்லாம் சோயா பால் குடிக்கிறேன். அதனால இருக்குமோ?"

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு விஞ்ஞானி எந்தக் கருதுகோளையும் மதிக்க வேண்டும். மதித்துவிட்டு, "இல்ல அங்கிள்" என்றேன்.

பிறகு இருப்பதைச் சொன்னேன். "அங்கிள், அந்த பாட்டில் யாரோடதோ, அவங்க கிட்னி கெட ஆரம்பிச்சிருக்கு. இப்பவே பார்த்தா மருந்து இருக்கு. விட்டுட்டா டயாலிசிஸ்தான்."

டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அவருடைய சொந்தத் தம்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே போனவர். கூடப் போய்க் காத்திருந்தவர் இவர். இவருக்கும் இனிப்பு நீர் உண்டு. தன் சிறுநீரைக் கொடுத்தால் தன் முறையும் வந்துவிடும் என்ற பயத்தில்தான் பாட்டிலை வேறு கையில் கொடுத்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"சரிம்மா. எனக்கு மருந்து எழுதச் சொல்லு. நான் சாப்பிடுறேன்."

கேட்டீர்களா பெரியோர்களே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவரைப் பார்த்திருக்கிறோம். அந்தச் சோற்றையும் பூசணிக்காயையும் சேர்த்துத் தானே விழுங்கிக் காட்டுகிறேன் என்பவரைப் பார்த்ததுண்டா? இவர் மாத்திரையை இவர் விழுங்குவார். அந்த நோய் யாருடையதோ, அவர் உள்ளே நின்று தே கலக்கிக்கொண்டிருப்பார். மானம் காப்பாற்றப்படும். சிறுநீரகம் காப்பாற்றப்படுமா? எனக்குக் கோபம் வந்தது. நாகரிகத்துக்காக அன்று அதை மறைத்தேன். இன்று மறைக்கவில்லை.

அப்போது அந்த அம்மா தட்டோடு வந்தார். எனக்குச் சீனி போட்ட தே. ஐயாவுக்குத் தே ஓ கோசோங், பாலும் கிடையாது சீனியும் கிடையாது. அடுப்படியில் போட்டிருந்த சிலிப்பரை வாசல்படியில் கழற்றிவிட்டுப் போர்ச்சுக்கு வந்தார். தட்டை வைக்கக் குனிந்தார். ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அவர் பார்வை அந்தக் கால்களில் விழுந்தது. சிலிப்பரைக் கழற்றிய பிறகும் அதன் வார் காலிலேயே இருந்தது. வார் இல்லை, வார் பதிந்த பள்ளம். வீங்கிய காலில் பதிந்த பள்ளம் மேலெழும்பாமல் அப்படியே கிடந்தது.

"எப்பருந்து இது?" என்றார் ஐயா.

"எது?"

"காலு."

"அதுவா? நின்னுக்கிட்டே இருந்தா அப்படித்தான் இருக்கும். தே ஆறிடும், குடிங்க."

அவர் குடிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார். அந்த அம்மா உள்ளே போன பிறகு என்னைப் பார்த்து, "அவளுதும்மா" என்றார். "அவளுக்கு ஒரு நோவும் இல்லன்னு நெனச்சேன்மா. இத்தன வருசத்துல ஒரு நாள் படுத்ததில்ல."

படுத்ததில்லை! அதுதான் மருத்துவச் சான்று. இந்த நாட்டில் எத்தனை வீட்டில் பெண்களுக்கு இந்த ஒரே சான்றிதழ்தான் வழங்கப்பட்டிருக்கிறது! அவள் படுக்கவில்லை, ஆகவே அவளுக்கு நோய் இல்லை. அவள் சொல்லவில்லை, ஆகவே அவளுக்கு வலி இல்லை. இரத்த தானம் கேள்விப்பட்டிருக்கிறோம், கண் தானம் கேள்விப்பட்டிருக்கிறோம். தன் உடம்பு எப்படி இருக்கிறது என்றே தெரியாமல் ஒரு பெண் செய்த இந்தத் தானத்துக்கு என்ன பெயர் வைப்பது? தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பார்கள். அதை அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

உங்கள் சிறுநீரை எதற்காகக் கேட்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லையா என்று பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன். "கோயில் விசயம்னு சொன்னாரு. கோயில் விசயம்னா நான் ஏன், எதுக்குன்னு கேக்கிறதில்ல" என்றார்.

அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். இனிப்பு நீர் இருந்தது, இரத்த அழுத்தம் இருந்தது, சிறுநீரில் புரதம் இருந்தது. எதற்கும் அதுவரை மருந்து இல்லை. எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். குடும்பத்தில் உண்டு, வயதும் ஆயிற்று, அதெல்லாம் காரணம்தான். ஆனால் அந்த அம்மா கூடவே ஒன்றைச் சொன்னார். ஐயாவுக்கு இனிப்பு நீர் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்கு வரும் சர்க்கரைப் பொங்கலையும் கேசரியையும் அவர் தொடக்கூடாது. பிரசாதம், ஆகவே வீசக்கூடாது. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாமென்றால் அவர்கள் வீட்டிலும் அதே பொங்கல்தான் இருக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் ஐயாவின் பங்கையும் அம்மாவே சாப்பிட்டிருக்கிறார். சாமி பண்டம் வீணாகவில்லை. அது ஒன்றுதான் அந்த வீட்டில் வீணாகவில்லை.

நிர்மலா அக்கா, கேசரித் தட்டை மூடுகிறீர்கள். நான் உங்களைச் சொல்லவில்லை. ஆனாலும் மூடுங்கள்.

கிளினிக்கில் மருந்தை வாங்கிக்கொண்டு அந்த அம்மா இரண்டு கேள்விதான் கேட்டார். முதல் கேள்வி, "வீட்டுல அவரு மாத்திரையே நெறைய கெடக்கு, அதையே போட்டுக்கலாமா?" கூடாது என்றார் நர்ஸ். இரண்டாம் கேள்வி, "அப்ப அவரு பாட்டில் எப்ப குடுப்பாரு?"

அதுவரை எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அவருடைய சிறுநீரை இன்னும் யாரும் பார்க்கவே இல்லையே! அன்றே கொடுத்தார். நர்ஸ் கதவுக்கு வெளியே நின்றார். அந்த அம்மாவும் நின்றார். முடிவு வந்தது. அல்புமின் கசியவில்லை. இரத்தச் சோதனையும் நன்றாக இருந்தது. எதை மறைக்க அவ்வளவு பாடுபட்டாரோ, அது அவரிடம் இல்லை. எவருக்குப் பின்னால் போய் ஒளிந்தாரோ, அவரிடம் இருந்தது.

அந்த முடிவைக் கேட்டு அந்தப் பெரியவர் மகிழ்ந்தாரா? இல்லை. கிளினிக்கின் நீல நாற்காலியில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் அழுதார். அந்த அம்மாதான் முந்தானையை நீட்டி, "நல்ல ரிசல்ட்டுக்கு யாராச்சும் அழுவாங்களா?" என்றார்.

அன்பர்களே! இன்று அந்த அம்மா ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார். சிறுநீரில் புரதம் குறைந்திருக்கிறது. தழும்பு ஏறிய வடிகட்டிகள் திரும்பி வரப்போவதில்லை, பொய் சொல்ல மாட்டேன். மிச்சம் இருப்பவற்றைக் காப்பாற்றலாம். காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரு பாட்டில் பொய்ப் பெயரோடு வந்ததாலும், அதற்குள் இருந்த ஆர்.என்.ஏ. உண்மையைச் சொன்னதாலும் அவர் பிழைத்தார். ஆனால் எல்லா வீட்டுப் பெண்ணுக்கும் இப்படி ஒரு மோசடி வாய்க்குமா? எல்லாப் புருசன்மாரும் பாட்டிலை மாற்றுவார்களா? யாரும் மாற்றாத வீட்டில், யாரும் கேட்காத அடுப்படியில், வீங்கிய காலோடு நிற்பவரை எந்த ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும்? ஐயாவின் மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கிறீர்களே தாய்மார்களே, உங்கள் மாத்திரை எங்கே? ஐயாவின் சர்க்கரை அளவு மனப்பாடமாகத் தெரிகிறதே, உங்கள் அளவு என்ன? ஒருவர் சொல்லுங்கள்! இந்த மண்டபத்தில் ஒரே ஒரு அம்மா எழுந்து சொல்லுங்கள்!

ஒருவரும் எழவில்லை.

மன்னிக்கவும், எழுந்திருப்பவர் தலைவர். தலைவர் அவர்களே, நேரம் ஆகிவிட்டது என்று தெரியும், இதோ முடித்துவிடுகிறேன். மைக்கா? மைக் வேண்டுமா? மணியம் அண்ணே, அந்தக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இதோ, பேசுங்கள் ஐயா.

"அந்தப் பெரியவரு நான்தான். பாட்டில் குஞ்சம்மாவோடது. பேருதான் என்னுது."

பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்டிருக்கிறது. இந்த மண்டபம் இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை, நான் பேச்சுப்போட்டியில் தோற்ற அன்றுகூட.

தலைவர் இன்னும் மைக்கை விடவில்லை.

"போன வருசம் பாத்ரூமுக்குப் பூட்டுப் போடச் சொன்னதும் நான்தான். தீட்டுன்னேன். தீட்டு பாத்ரூம்ல இல்ல, எம் மனசுல இருந்துச்சு. இன்னிக்கும் பாட்டில வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லித்தான் தீர்மானம் போட்டோம். அது வேணாம். இந்தா சாவி. இங்கேயே குடுங்க. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. அவளும் பொம்பளைதான்."

தூணோரத்திலிருந்து குஞ்சம்மா ஆன்ட்டி ஏதோ சொல்கிறார். அவரிடம் மைக் இல்லை, எப்போதும் போல. நானே சொல்லிவிடுகிறேன். "கேட்டுருச்சு, உக்காருங்க. நின்னா ஒங்களுக்கு முட்டி வலிக்கும்" என்கிறார்.

என்னிடம் இன்னும் இரண்டு பக்கம் பேச்சு இருக்கிறது. மடித்து வைத்துவிடுகிறேன்.

பிரையன் வாசலோரம் மேசை போட்டிருக்கிறார், மேசையில் பாட்டில்கள் இருக்கின்றன. தாய்மார்கள் முதலில் வருக. ஆண்கள் உட்கார்ந்து, வாழ்க்கையில் ஒரு முறையாவது கடைசிப் பந்தியில் காத்திருங்கள். இதோ சாவி மேடையை விட்டு இறங்கிப் போகிறது, குஞ்சம்மா ஆன்ட்டி அதை வாங்கி எழுந்துவிட்டார். பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், அவரைப் பொறுத்துக்கொண்டே வந்தவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

பிரையன், பேனாவை எடுங்கள். ஆன்ட்டி பாட்டிலில் இந்த முறை அவர் பெயரையே எழுதுங்கள். கு, ஞ், ச, ம், மா. அனைவருக்கும் வணக்கம்.